"ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள்

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை பின்னேரம். லண்டனில் மச்சாளின் கலியாணம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெளிக்கிட்டு எங்கள் ஊர்ச் சின்ன விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். கைப்பெட்டியில் பட்டுச் சேலை, பயற்றம் பணியாரம், மாப்பிள்ளைக்குப் போட ஒரு மோதிரம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜேர்மன் பாஸ்போர்ட். என்னிடம் அகதிகளுக்குக் கொடுக்கும் நீல நிறப் பயணப் பத்திரம். அதனால் என்னுடையதை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள், அது பழகிவிட்டது. அன்றைக்கு அந்த இளம் பொலிஸ்காரன் பத்திரத்தை இயந்திரத்தில் வைத்தான், திரையைப் பார்த்தான், திரும்பவும் வைத்தான். பிறகு நல்ல மரியாதையாக, "கொஞ்சம் உள்ளே வாருங்கள்" என்றான். அதற்குப் பிறகு 75 நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை.

உள்ளே சொன்னார்கள்: "பிரான்சில் உங்களுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஐரோப்பியப் பிடியாணை போட்டிருக்கிறார்கள்." நான் சிரித்துவிட்டேன். உண்மையாகவே சிரித்தேன். பெயர் மாறிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று எந்த வெள்ளைக்காரக் கந்தோருக்கும் இன்றுவரை விளங்கியதில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் கைரேகை பொருந்தியது. பிறகு கம்பனியின் பெயரை வாசித்தார்கள். அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது.

2012இல் நான் பரிஸ் நகருக்கு வெளியே ஒரு அறையில் நான்கு பேரோடு இருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஊர்ப் பழக்கமான ஒரு அண்ணை, "தம்பி, துப்புரவு வேலைக்கு ஒரு கம்பனி திறக்கிறம், என்ரை பேரில் ஏற்கனவே ஒண்டு இருக்கு, உன்ரை பேரில் பதிவம், மாசம் 300 தாறன்" என்றார். பரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பல் பக்கம் இப்படிக் கேட்கப்படாத ஆள் குறைவு. நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் காசும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. 2014இல் கலியாணம் கட்டி ஜேர்மனிக்கு வந்தபோது அந்தக் கம்பனியின் நினைவே எனக்கு இல்லை. பதியாமல் ஆட்களை வேலைக்கு வைத்தது, மோசடி என்று பின்னால் வழக்கு வந்திருக்கிறது. அழைப்பாணைகள் எல்லாம் அந்தப் பழைய அறைக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. நான் இல்லாமலே வழக்கு நடந்து முடிந்துவிட்டது. ஜேர்மனியில் என் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது, விலாசம் ஒழுங்காகப் பதிந்திருந்தது. அதை யாரும் தேடவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிடும்போது உங்கள் பெயரில் எந்தக் கடதாசி இருந்தாலும், கம்பனியோ வாகனமோ வாடகை ஒப்பந்தமோ, எழுத்தில் மூடிவிட்டு, புது விலாசத்தை அறிவித்து, அறிவித்ததற்குச் சாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நாள் செலவாகும். எனக்கு என்ன செலவானது என்று பின்னால் சொல்கிறேன்.

அன்றிரவு மனைவி அழுதுகொண்டே ஊருக்குப் போன் எடுக்க, யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் போய்ச் சேர்ந்த செய்தி, "தம்பியை நாடு கடத்தப் போறாங்களாம்." அம்மா கொழும்பு என்று நினைத்து மயங்கி விழுந்துவிட்டா. இதை முதலில் வீட்டாருக்கு விளங்கப்படுத்துங்கள்: இது வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்புவதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்று தேடும் ஆளை இன்னொரு ஒன்றிய நாடு பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு. 2002 ஜூன் 13ஆம் திகதி முடிவு செய்து, 2004 ஜனவரி 1 முதல் நடக்கிறது. முன்பு அமைச்சர்கள் முடிவு செய்த விசயத்தை இப்போது நீதிமன்றங்கள் தமக்குள்ளேயே முடிக்கின்றன. ஜேர்மன் குடியுரிமை இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, சில கூடுதல் பாதுகாப்பு மட்டும் உண்டு. அகதி அந்தஸ்தும் இதைத் தடுக்காது. ஆனால் ஒப்படைக்கப்பட்ட ஆளை அங்கிருந்து ஒன்றியத்துக்கு வெளியே ஒரு நாட்டிடம் ஒப்படைப்பதென்றால், முதலில் கொடுத்த நாட்டின் சம்மதம் வேண்டும். அம்மாவுக்கு இந்த ஒரு வரி மூன்று கிழமை கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை ஒரு நீதிபதி முன் கொண்டுபோனார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில். தமிழ்நாட்டுக் குரல். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் அன்றைக்குச் சந்திக்கவேயில்லை. நீதிபதி நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு டொச் (ஜேர்மன் மொழி) ஓரளவு தெரியும், ஆனால் அந்தச் சட்ட டொச் வேறு. மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" ஒப்புதல் வாக்குமூலம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பொலிஸ் எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருடக்கணக்கில் உள்ளே கிடந்தவர்களை எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் காட்டலாம். என் வாயிலிருந்து உடனே வந்தது: "இல்லை. ஒப்புக்கொள்ள மாட்டேன்." இரண்டாவது கேள்வி ஏதோ "விசேஷ விதியைக் கைவிடுகிறீர்களா" என்பது போல இருந்தது. அதற்கும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பினார்கள்.

உண்மையில் அவர் குற்றத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "பிரான்சுக்கு அனுப்புவதற்குச் சம்மதமா, சுருக்கமான வழியில் முடிக்கட்டுமா?" என்றுதான் கேட்டிருக்கிறார். குற்றம் செய்தாயா இல்லையா என்று ஜேர்மனியில் கடைசிவரை யாருமே என்னைக் கேட்கவில்லை. அதை விசாரிப்பது அவர்கள் வேலை இல்லை; தாள் சரியா, ஆள் சரியா, தடை ஏதும் உண்டா, அவ்வளவுதான். சம்மதித்தால் பத்து நாளில் முடிவு வர வேண்டும். சம்மதிக்காவிட்டால் பிடித்த நாளிலிருந்து 60 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 30. முடிவு வந்த பிறகு கையளிக்க மேலும் பத்து நாள். அந்த முதல் நாள் நீதிபதியால் உங்களை வெளியே விடவும் ஏறக்குறைய முடியாது. அந்த அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு. இது தெரியாமல் நான் அவரிடம் அரை மணித்தியாலம் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் பிழையாக விளங்கிச் சொன்ன "இல்லை" எனக்கு நன்மையாக முடிந்தது. ஜேர்மனியில் சம்மதம் ஒரு தரம் கொடுத்தால் திருப்பி எடுக்க முடியாது. "இல்லை" என்று சொன்னவர் பிறகு யோசித்து "ஆம்" சொல்லலாம். ஆகவே லோயரோடு கதைக்கும்வரை "இல்லை"தான் பாதுகாப்பான பதில். இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ஒப்படைக்கப்பட்ட பிறகு, பிடியாணையில் எழுதிய குற்றத்துக்கு மட்டும்தான் உங்களைப் பிடிக்கலாம், அதற்கு முந்தைய வேறு எதையும் தூசு தட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கிறாயா என்பதே கேள்வி. முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்று தனித்தனியாகவும் சொல்லலாம். இதை எனக்கு யாரும் முன்னரே சொல்லியிருந்தால் அந்த இரவு நான் நித்திரை கொண்டிருப்பேன். மொழிபெயர்ப்பு விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள், அதைப் பதியச் சொல்லுங்கள். இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு வெட்கம் தேவையில்லை. சரியான மொழிபெயர்ப்பு உங்கள் உரிமை, 2010ஆம் ஆண்டு ஐரோப்பியச் சட்டம் இந்த வழக்குகளுக்கும் சேர்த்தே அதைத் தருகிறது.

லோயர் விசயம். வெள்ளி பின்னேரம் பிடிபட்டால் திங்கள்வரை யாரும் போன் எடுக்க மாட்டார்கள். நீதிமன்றம் ஒருவரைத் தந்தது. அது கட்டாயம், காசு இல்லை என்று மறுக்க மாட்டார்கள். அவர் வந்தார், கை கொடுத்தார், விவாகரத்து வழக்குகள்தான் கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார். நல்ல மனிதர், ஆனால் இந்தத் துறை வேறு. பத்து நாளை அவரோடு வீணாக்கிவிட்டு, இந்த வேலையையே செய்யும் ஒருவரை மனைவி தேடிப் பிடித்தா. அவர் வந்து முதலில் கேட்டது, "பிரான்சில் உங்களுக்கு லோயர் யார்?" நான் முழித்தேன். இங்கே இருப்பவர் அனுப்புவதைத் தடுக்கலாம் அல்லது தாமதிக்கலாம். வழக்கு உயிரோடு இருப்பது அங்கே. அங்கே ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்காவிட்டால் இங்கே இருப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாதாடுகிறார். அங்கேயும் லோயர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காசு உதவிதான் சிக்கல்: இனிமேல் விசாரிப்பதற்காகத் தேடும் பிடியாணை என்றால் தேடும் நாடும் உதவ வேண்டும், ஏற்கனவே தந்த தண்டனையை அனுபவிக்கத் தேடும் பிடியாணை என்றால் அந்தக் கடமை இல்லை. என்னுடையது இரண்டாவது வகை. பரிஸ் லோயருக்கு முழுக் காசும் நாங்களே கட்டினோம்.

மறியலைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒரு நாளில் 23 மணித்தியாலம் சுவரைப் பார்த்தால் என்ன வருமோ அது வந்தது. ஒன்று மட்டும்: கடிதங்களை வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். மனைவி தமிழில் எழுதிய முதல் கடிதம் மொழிபெயர்ப்புக்குப் போய் 19 நாள் கழித்து வந்தது. பிறகு மூத்தவன் டொச்சில் எழுதினான், ஐந்தாறு நாளில் கிடைத்தது. சின்னப் பிள்ளையின் எழுத்துப் பிழைகளோடு வீட்டு வாடகைக் கணக்கு வாசிப்பது ஒரு விதமான அனுபவம். வெளியே ஆட்களின் ஆலோசனையும் குறைவில்லை. "லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் தப்பியிருப்பான்" என்றாராம் ஒருவர். தப்ப முடியாது. பிரித்தானியா விலகினாலும் 2021 ஜனவரி முதல் ஏறக்குறைய இதே மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. சுவிஸ் இந்தப் பிடியாணை முறையில் இல்லை, ஆனால் தேடப்படுகிறவர்களின் பெயர்களை ஐரோப்பிய நாடுகள் பகிர்ந்துகொள்ளும் அதே செங்கன் கணினியைத்தான் பார்க்கிறது. பழைய நாடுகடத்தல் ஒப்பந்தத்தின்படி பிடித்து வைக்கும்.

மூன்றாவது கிழமை பிடியாணையின் முழுப் பிரதி வந்தது. லோயர் இரண்டு இடத்தைக் காட்டினார். ஒன்று, 32 குற்றங்களின் பட்டியலில் "மோசடி" என்று புள்ளடி போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் விழுந்து, அங்கே மூன்று வருடமோ கூடவோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றமென்றால், அது ஜேர்மனியிலும் குற்றமா என்று பார்க்கவே மாட்டார்கள். அந்த வாசல் மூடியது. மற்றது, "டி" என்ற கட்டம். நான் இல்லாமல் தீர்ப்புச் சொன்னதை அங்கேதான் எழுத வேண்டும். "தீர்ப்பு இவர் கையில் இன்னும் கொடுக்கப்படவில்லை; ஒப்படைத்ததும் கொடுப்போம்; மறுவிசாரணை கேட்கும் உரிமை உண்டு" என்று எழுதியிருந்தது. இப்படி எழுதிவிட்டால், ஆள் இல்லாமல் நடந்த வழக்கு என்ற காரணத்தைச் சொல்லி இங்கே மறுக்க முடியாது. உங்கள் கையில் பிடியாணை கிடைத்தால் முதலில் அந்தக் கட்டத்தை வாசியுங்கள். மிச்சம் எல்லாம் பிறகு.

அப்போதுதான் பெரிய குழப்பம் வந்தது. ஜேர்மனியில் வேரூன்றியவர், குடும்பம் இங்கே என்றால், ஒப்படைக்காமல் அந்தத் தண்டனையை இங்கேயே அனுபவிக்க விடலாம் என்று சட்டத்தில் இடமுண்டு. வேற்று நாட்டவருக்கும் அந்த வாய்ப்பை ஒரேயடியாக மறுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் பின்னர் 2023 ஜூனில் இத்தாலி வழக்கொன்றில் சொன்னது. இங்கேயே அனுபவிக்கலாம் என்பது மனைவிக்குப் பெரிய ஆறுதல். "இஞ்சை இருங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து பாப்பன்" என்றா. நானும் அப்படியே நினைத்தேன். லோயர் ஒரு மணித்தியாலம் எதுவும் சொல்லாமல் கேட்டுவிட்டு, "இங்கே அனுபவிக்கக் கேட்டால் நீங்கள் அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறீர்கள். 18 மாதம். அங்கே போனால் அந்தத் தீர்ப்பையே உடைக்கலாம். பக்கத்தில் இருக்கும் 18 மாதமா, தூரத்தில் இருக்கும் தெரியாத கணக்கா?" என்றார். இரண்டு இரவு யோசித்தேன். மனைவி பேசாமல் இருந்த ஒரேயொரு சந்திப்பு அதற்கடுத்தது. நான் போகிறேன் என்றேன்.

சம்மதம் கொடுத்து வேகமாகப் போயிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். பரிஸ் லோயர்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிடியாணையை அங்கேயே திரும்பப் பெறவைக்க முயன்றார். ஆனால் அது ஆகஸ்ட் மாதம். ஆகஸ்டில் பிரான்ஸ் முழுக்க விடுமுறையில் இருக்கும், மறியலில் இருப்பவனைத் தவிர. பதில் வரவில்லை. அந்தக் காத்திருப்பு பிழையா சரியா என்று இன்றுவரை எனக்கு முடிவில்லை.

எங்கள் பகுதிக்கு இந்த வழக்குகளை முடிவு செய்யும் மேல் நீதிமன்றம் ஹம் நகரில் இருக்கிறது. ஹம் என்றால் எங்களுக்கு காமாட்சி அம்பாள் கோயில். ஒவ்வொரு வருடமும் தேருக்குப் போவோம், காவடி, தண்ணீர்ப் பந்தல், தெருவெல்லாம் எங்கள் சனம். அதே ஊரில் இப்படி ஒரு கட்டடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அதை நான் கண்ணால் காணவும் இல்லை. எல்லாம் எழுத்தில்தான் நடந்தது. 41ஆவது நாள் மறியல் உத்தியோகத்தர் கதவுத் துவாரத்தால் ஒரு உறை தந்தார். அனுப்பலாம் என்று முடிவு. மேன்முறையீடு கிடையாது, அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு மட்டும் போகலாம், நாங்கள் போகவில்லை. 49ஆவது நாள் கொண்டுபோனார்கள். நேரே அல்ல. மறியல் பஸ்ஸில் ஊர் ஊராக, வழியில் இரண்டு மறியல்களில் இரவு தங்கி, எல்லையில் கைமாற்றினார்கள். என் செருப்புச் சோடியும் கலியாணத்துக்குக் கொண்டுபோன கைப்பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் பையில் பின்னால் வந்தன. பணியாரத்தை எப்போதோ எறிந்துவிட்டார்கள். மோதிரத்துக்கு மட்டும் மூன்று இடத்தில் கையெழுத்து.

பிரான்சில் முதல் நாளே தீர்ப்பைக் கையில் தந்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடும்: பிரான்சில் வசிப்பவருக்குப் பத்து நாள், வெளியே வசிப்பவருக்கு ஒரு மாதம், அதற்குள் எதிர்ப்பைப் பதிய வேண்டும். எங்கள் லோயர் அன்றே பதிந்தார். அவர் முன்கூட்டியே கோப்பை எடுத்து வைத்திருந்தது அங்கேதான் உதவியது. "இந்த விலாசத்தில் வசிக்கவில்லை" என்று முத்திரை குத்தித் திரும்பிய உறைகள், ஜேர்மனிப் பதிவுச் சான்று, சம்பளத் துண்டுகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் ஒரே கட்டாக நீதிபதியிடம் போனது. பிரான்சுக்குப் போய் 26ஆவது நாள் நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டும், 1,500 யூரோ பிணை. ஜேர்மனியில் இருந்த 49 நாளும் தண்டனையில் கழிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். கைமாற்றும்போது அந்த நாள் கணக்கு எழுதிய தாள் கூடப் போகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

செலவைச் சொல்கிறேன் என்றேன். ஜேர்மன் லோயர் 4,200 யூரோ. பரிஸ் லோயர் 5,000. மொழிபெயர்ப்பு 380. மனைவியின் பயணம், விடுதி, வீணாய்ப் போன லண்டன் டிக்கெட்டுகள் 1,900. போன சம்பளம் 4,900 அளவில். 16,000ஐத் தாண்டிவிட்டது. மனைவி சீட்டைக் கழித்து எடுத்தா, அதிலும் நட்டம். வேலையும் போனது. முதல் கிழமையே முதலாளிக்கு லோயர் மூலம் கடிதம் எழுதியிருந்தால் விடுமுறையாகக் கணக்கு வைத்திருப்பாராம், பிறகு சொன்னார். நாங்கள் வெட்கத்தில் "சுகமில்லை" என்று சொன்னோம், மருத்துவச் சான்று கேட்டார், கொடுக்க முடியவில்லை. அந்த அண்ணையைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இப்போது எங்கே என்று தெரியாது, தேடவும் இல்லை.

இன்னொன்று. ஒரு நாடு ஒப்படைக்க மறுத்தால் பிடியாணை செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. போட்ட நாடு எடுக்கும்வரை செங்கன் கணினியில் அது அப்படியே கிடக்கும். அடுத்த எல்லை தாண்டும்போது, ஏன் ஒரு விடுதியில் பெயர் பதியும்போதுகூட, முதலிலிருந்து தொடங்கும். என்னோடு மறியலில் இருந்த ஒரு போலந்துக்காரன் இரண்டாம் தரம் பிடிபட்டவன். வழக்கு முடிந்ததும் பிடியாணை நீக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். என்னுடையதை நான் பயணப் பத்திரத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழிந்து இரண்டு தரம் ஒட்டுநாடா ஒட்டியாயிற்று.

மறுவிசாரணை 2023 பெப்ரவரியில். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் புதுச்சேரிக்காரர், வயதான அம்மா, பிரெஞ்சிலும் தமிழிலும் ஒரே வேகம். தொடங்குவதற்கு முன் தாழ்வாரத்தில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என் தமிழ் உங்களுக்குப் புரியுதா, உங்க தமிழ் எனக்குப் புரியுதான்னு முதல்ல பேசிப் பாத்துக்கலாம்" என்றா. ஊரைக் கேட்டா, பிள்ளைகளைக் கேட்டா. உள்ளே நீதிபதி கேட்டதை அவ எனக்குச் சொன்னா: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" ஏழு மாதம் கழித்து, கடைசியில் அந்தக் கேள்வி உண்மையாகவே அந்தக் கேள்வியாக வந்தது. ஆட்களை வைத்து வேலை வாங்கியது நான் இல்லை, அந்தக் காசைக் கண்டதும் இல்லை, ஆனால் கையெழுத்து என்னுடையது, 300 படி ஆறு மாதம் வாங்கினேன் என்றேன். 18 மாதம் போய், எட்டு மாதம் ஒத்திவைத்த தண்டனையும் 2,000 யூரோ தண்டமும் தந்தார்கள். பிணைக் காசு திரும்பி வந்தது. தண்டத்தை மாதம் 100 படி கட்டினேன்.